ராஜாவின் தலைக்கு மேலே ஒரு ரோலர் கோஸ்டர்

ஒரு காட்டில் ஓர் ஏரி இருந்தது. ஏரி என்று ஒன்று இருந்தால் கரை இருக்கும், கரை இருந்தால் அதில் எதையாவது கட்டிவைக்க யாருக்காவது கை அரிக்கும். அப்படித்தான் அந்தக் கரையில் ஒரு கேளிக்கைப் பூங்கா முளைத்தது. குடை ராட்டினம், ஆடும் கப்பல், முயல்கள் முட்டிக்கொள்ளும் மோதல் கார் எல்லாம் உண்டு. ஞாயிற்றுக்கிழமையானால் மான்கள் குடும்பத்தோடு வந்து நிழல் பிடித்து உட்கார்ந்துவிடும்.

அந்தக் காட்டுக்கு ஒரு சிங்கம் ராஜா. கெட்ட சிங்கம் என்று சொல்ல முடியாது. பக்கத்து இலையைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுகிற ரகம், அவ்வளவுதான். பக்கத்துக் காட்டுப் புலிராஜா தன் பூங்காவில் ரோலர் கோஸ்டர் கட்டிவிட்டது என்று கேள்விப்பட்டதிலிருந்து அதற்கு இரை தொண்டையில் இறங்கவில்லை.

"அவனுக்கு ஒண்ணுன்னா நமக்கு ரெண்டு," என்று சபையில் சொல்லிவிட்டது. ஒன்று கரையோரமாக ஏறி இறங்க வேண்டுமாம். இன்னொன்று தலைகீழாகச் சுழன்று ஏரித் தண்ணீரைத் தொட்டுவிட்டு வரவேண்டுமாம்.

வேலை வழக்கம்போல கான்ட்ராக்டர் ரத்தினசபாபதிக்குப் போனது. ரத்தினசபாபதி ஒரு பெருச்சாளி. டெண்டர் பெட்டியைத் திறப்பதற்கு முன்பே உள்ளே புகுந்து பார்த்துவிட்டு வரும் திறமை அந்தக் காட்டில் வேறு யாருக்கும் இல்லை. அது கிழக்குக் கரையைச் சுற்றிவந்து மோந்து பார்த்து, முதல் தூண் எங்கே வரும் என்று சுண்ணாம்புக் கோடு போட்டுவிட்டுப் போனது.

கோடு விழுந்த இடம் செங்கமலத்தின் வாசல். செங்கமலம் ஒரு நீர்நாய். தாழம்புதருக்கு அடியில் வளை தோண்டி, அதில் மூன்று குட்டி போட்டிருந்தது. கண்கூட இன்னும் திறக்காத குட்டிகள். நீந்தவும் தெரியாது. நீர்நாய்க் குட்டிக்கா நீந்தத் தெரியாது என்று கேட்காதீர்கள். பிறக்கும்போதே எல்லாம் தெரிந்துவிட்டால் அப்புறம் அம்மா எதற்கு? வாயில் கெண்டை மீனோடு கரையேறிய செங்கமலம் அந்த வெள்ளைக் கோட்டைப் பார்த்தது. மீன் நழுவித் தண்ணீருக்கே போய்ச் சேர்ந்தது.

மறுவாரம் கருத்துக் கேட்புக் கூட்டம் வைத்தார்கள். முடிவெடுத்த பிறகு கருத்துக் கேட்பது அந்தக் காட்டின் நடைமுறை. பந்தல் போட்டு, மைக் கட்டி, கூட்டம் முடிந்ததும் சாப்பாட்டுப் பொட்டலம் உண்டு என்று அறிவித்திருந்ததால் காடே திரண்டு வந்திருந்தது. சிங்கம் தன் பாறைமேல் உட்கார்ந்திருந்தது.

செங்கமலம் முதல் ஆளாக எழுந்தது. கதைகளில் சின்ன மிருகங்கள் பொய் சொல்லித்தானே சிங்கத்தை ஜெயித்திருக்கின்றன? அந்த நம்பிக்கையில் ஒரு பொய்யை எடுத்துவிட்டது.

"ராஜா, அந்தக் கரை இளகின மண்ணுங்க. தூண் நட்டா அமுங்கிடும். நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா உங்க பேருதான் கெடும்."

ரத்தினசபாபதி மீசையைத் தடவிக்கொண்டு எழுந்தது. "ஏம்மா, நான் பொறந்தது, வளந்தது, குடும்பம் நடத்துறது எல்லாமே மண்ணுக்குள்ளதான். உன் வீட்டச் சுத்தி நாலு பக்கமும் ஓட்ட போட்டுப் பாத்துட்டுத்தான் வந்திருக்கேன். பல்லு வலிக்குது, அவ்வளவு கெட்டி. என்கிட்டயே மண்ணப் பத்திப் பேசுறியே."

பந்தல் முழுக்கச் சிரித்தது. செங்கமலத்துக்கு முகம் சுருங்கிப் போனது. பொய்யைச் சரியான இடத்தில் சொல்லவும் ஒரு கொடுப்பினை வேண்டும்.

வேறு வழியில்லாமல் உண்மையைச் சொன்னது. "பொய் சொன்னது தப்புதாங்க ராஜா. அந்த வளைக்குள்ள என் குட்டிங்க மூணு இருக்கு. நீஞ்சத் தெரியாது. அதுங்க தண்ணியில இறங்குற வரைக்குமாவது விட்டுவைங்க. உங்க கால்ல விழுறேன்."

நல்ல கதையாக இருந்தால் இந்த இடத்தில் ராஜாவின் மனம் இளகவேண்டும். இளகவும் செய்தது. சிங்கம் கண்ணைத் துடைத்துக்கொண்டது. "பாவம், தாய் உள்ளம்," என்றது. அப்புறம் மலைக்குப் பின்னால் செங்கமலத்துக்கு ஒரு மாற்று வளை ஒதுக்கும்படி உத்தரவு போட்டது.

"அங்க தண்ணி இருக்குங்களா?" என்று கேட்டது செங்கமலம்.

"வளை முதல் கட்டம், தண்ணி ரெண்டாம் கட்டம்," என்றது ரத்தினசபாபதி. கூட்டம் கைதட்டியது. பொட்டலம் ஆறிக்கொண்டிருக்கிறது என்ற கவலை அதற்கு.

பொய்யும் போயிற்று, மெய்யும் போயிற்று. செங்கமலம் அங்கேயே நின்றது. அடுத்துப் பேசவேண்டிய குரங்கு அப்போதுதான் மரத்திலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது. அந்தக் காட்டில் ஒரு சம்பிரதாயம் உண்டு. ராஜா முன்னிலையில் ராஜாவின் ஆசனத்தைவிட உயரத்தில் எந்த உயிரும் இருக்கக்கூடாது. அணில் மனுக் கொடுக்க வந்தாலும் கிளையைவிட்டு இறங்கித்தான் கொடுக்கவேண்டும். ராஜா உலா வந்தால் கிளிகள்கூடத் தரையில் நடந்துதான் போகும். குரங்கு பயபக்தியோடு வாலைச் சுருட்டிக்கொண்டு இறங்குவதைச் செங்கமலம் பார்த்தது. அதன் மூளைக்குள் எதுவோ பளிச்சென்றது.

மறுபடியும் மைக்கைப் பிடித்தது.

"ராஜா, நான் விவரமில்லாமப் பேசிட்டேன். இப்பதான் புத்தி வந்துச்சு. நமக்கு ரோலர் கோஸ்டர் வேணும், கண்டிப்பா வேணும். ஆனா இம்புட்டுச் சின்னதாவா? புலிராஜாவோடதவிட உசரமா இருக்க வேணாமா?"

"அதானே," என்றது கூட்டம். சிங்கம் நிமிர்ந்து உட்கார்ந்தது.

"ஆனா எனக்கு ஒரே ஒரு வருத்தம். அவ்வளவு உசரத்துல எலியும் ஓணானும் கால ஆட்டிக்கிட்டுப் போகும். நீங்க கீழ, இந்தப் பாறையில இருப்பீங்க. அதுங்க காலு உங்க தலைக்கு மேல தொங்குறத நினைச்சா எனக்கே தாங்கல."

சிங்கத்தின் வால் ஆடுவதை நிறுத்தியது. ஒரு வேலைக்குள் இன்னொரு வேலை ஒளிந்திருக்கும் வாசனை ரத்தினசபாபதிக்கு அதற்குள் பிடிபட்டுவிட்டது.

"அதுக்கென்ன ராஜா, முதல்ல உங்க ஆசனத்த உசத்திடுவோம். கோஸ்டர் எங்க போகுது, அப்புறமா கட்டிக்கலாம்," என்றது.

அன்றே பாறைமேல் கோபுர வேலை தொடங்கியது. கரையில் இறக்கியிருந்த இரும்பையெல்லாம் யானைகள் பாறைக்கு இழுத்துப்போயின. கோபுரம் பாதி வளர்ந்தபோது, தன் கோஸ்டரை இன்னும் உயர்த்தப்போவதாகப் புலி சொல்லியனுப்பியது. உடனே இங்கே கோஸ்டர் வரைபடத்தை உயர்த்தினார்கள். வரைபடம் உயர்ந்ததால் கோபுரத்தை உயர்த்தினார்கள். ஒவ்வொரு கூட்டத்திலும் செங்கமலம் முன்வரிசையில் உட்கார்ந்து, "இன்னும் கொஞ்சம் உசரமா இருந்தா ராஜாவுக்கு நல்லாயிருக்கும்," என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போகும். அதற்கு வளர்ச்சியில் ஆர்வமுள்ள குடிமகள் என்று சால்வை போர்த்தினார்கள். சால்வையைக் குட்டிகளுக்கு விரித்துவிட்டது. கடைசியில் இரும்பு போதாமல் கோஸ்டருக்கு வாங்கிய தண்டவாளத்தையும் கோபுரத்துக்கே முட்டுக்கொடுத்தார்கள். வாசலில் இருந்த சுண்ணாம்புக் கோடு முதல் மழையிலேயே கரைந்துவிட்டிருந்தது.

நல்ல நாள் பார்த்து, மேளதாளத்தோடு, கப்பியில் கயிறு கட்டிச் சிங்கத்தை ஆசனத்தோடு மேலே ஏற்றினார்கள். உச்சிக்குப் போனதும் சிங்கம் அண்ணாந்து பார்த்தது. தலைக்கு மேலே கப்பி இருந்தது. ராஜாவுக்கு மேலே ஒரு கப்பியா? அவமானம். அதைக் கழற்றி எறியும்படி ராஜாவே உத்தரவிட்டது. ஆசனத்துக்குக் கீழே நின்றபடியே ஒரு குரங்கு அதைக் கழியால் தட்டிவிட்டது.

சாயங்காலம் சிங்கத்துக்குக் கீழே இறங்கவேண்டும்போல் இருந்தது.

"முடியாதுங்க ராஜா," என்று ஒலிபெருக்கியில் சொன்னது ரத்தினசபாபதி. "கப்பிய மறுபடி மாட்டணும்னா ஒரு குரங்கு உங்களுக்கு மேல ஏறணும். நான் உயிரோட இருக்கிறவரைக்கும் அப்படி ஒரு துரோகத்துக்குச் சம்மதிக்கமாட்டேன்."

கீழே நின்ற குடிகள் விசுவாசத்தில் கண்கலங்கின. சிங்கம் கர்ஜித்தது. அவ்வளவு உயரத்திலிருந்து அது கொசு ரீங்காரமாகத்தான் கேட்டது. அதன் பிறகு குரங்குகள் ஒரு படி கீழே நின்று கழியில் கூடை மாட்டிச் சாப்பாடு நீட்டின. ரத்தினசபாபதி பழைய பாறையில் உட்கார்ந்துகொண்டு, மேலிடத்து உத்தரவு என்று தன் உத்தரவுகளைச் சொல்லத் தொடங்கியது. கரையில் 'பணிகள் நடைபெறுகின்றன' என்ற பலகை மட்டும் நின்றது.

செங்கமலத்தின் குட்டிகள் கண் திறந்தன, தண்ணீர் குடித்து இருமின, ஒருவழியாக நீந்தக் கற்றன. பள்ளி விடுமுறை வந்ததும் மூன்றும் ஒரே அடம். புலிராஜாவின் பூங்காவுக்குப் போயே ஆகவேண்டும்.

போனார்கள். அங்கே ரோலர் கோஸ்டருக்கு வரிசை பூங்காவையே சுற்றிவந்துவிடும்போல் நீண்டிருந்தது. வெயிலில் நின்று நின்று குட்டிகளின் மூக்கு காய்ந்துவிட்டது.

"நம்ம காட்டுலயே ஏம்மா இது இல்ல?" என்றது மூத்தது.

"கட்டத்தான் பாத்தாங்க. யாரோ காரியத்தக் கெடுத்துட்டாங்க."

"யாரும்மா அது? அறிவுகெட்ட ஜென்மம்."

செங்கமலத்துக்கு உள்ளே சுருக்கென்றது. குட்டியின் தலையை நக்கிக்கொடுத்து, "பெரியவங்க விஷயம்டா, அப்படியெல்லாம் சொல்லக்கூடாது," என்றது.

ஒருவழியாக இடம் கிடைத்தது. வண்டி கடகடவென்று முதல் ஏற்றத்தில் ஏறி உச்சியில் ஒரு கணம் நின்றது. அங்கிருந்து பார்த்தால் அவர்கள் காடு முழுதும் தெரிந்தது. நடுவில் கோபுரம். அதன் நுனியில் ஓர் உருவம் முன்னங்கால் இரண்டையும் தூக்கித் தூக்கி வெறிபிடித்ததுபோல் ஆட்டிக்கொண்டிருந்தது.

"அம்மா, அது யாரும்மா?"

"நம்ம ராஜாடா."

"எதுக்கும்மா கை ஆட்டுறாரு?"

செங்கமலம் கொஞ்சம் யோசித்தது. "நம்மள ஆசீர்வாதம் பண்றாரு. கும்புட்டுக்கோங்க."

மூன்று குட்டிகளும் பிடித்திருந்த கம்பியை விட்டுவிட்டுப் பக்தியோடு கைகூப்பின. வண்டி கீழே பாய்ந்தது. கம்பியை இறுகப் பிடித்திருந்த செங்கமலம்தான் எல்லாரையும்விடச் சத்தமாக அலறியது.

*

நீதி: வேண்டாத திட்டத்தை எதிர்த்துக் கெடாதே, இன்னும் பெரிதாகக் கட்டச் சொல்லிப் பிழைத்துக்கொள்.