ஏற்றம் கண்ட பெரிய டயர்

மலைமேல் குடியிருப்பிலிருந்து நோயாளிகளை இறக்கிக் கொண்டுவர சுகாதார அலுவலகத்துக்கு ஒரு ஜீப் உண்டு. அதன் டயர் சிறியதாக இருப்பது அலுவலகத்தின் கௌரவத்துக்குக் குறைவு என்று மேலதிகாரி கருதினார். பக்கத்து அலுவலக ஜீப் இடுப்புயர டயரில் நிற்பதைப் பார்த்த நாளிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை.

பெரிய டயர் கொடுத்த உதிரிபாகக் கடைக்காரர் படித்துப் படித்துச் சொன்னார். "சார், சக்கரம் பெரிசானா இன்ஜின் திணறும். அச்சுக்குள்ள இருக்கிற பல்சக்கரத்தையும் மாத்தணும். இப்போ இன்ஜின் பக்கம் நாலு சுத்து சுத்தினா சக்கரம் ஒரு சுத்து. அதை அஞ்சுக்கு ஒண்ணா ஆக்கணும். அப்போதான் ஏத்தம் ஏறும்."

"அஞ்சு சுத்திட்டு ஒண்ணுதானா? வீண் அலைச்சலாச்சே."

"உங்க ஆபீஸ்ல காகிதம் அஞ்சு மேசை சுத்தி ஒரு கையெழுத்து விழுதே, அது மாதிரி."

"அது நடைமுறை. அதுவுமில்லாம, டயர் ஊர் கண்ணுக்குத் தெரியும். அச்சுக்குள்ள கிடக்கிறதுக்கு ரிப்பன் எங்கய்யா கட்டுறது?"

கடைக்காரருக்கு மூக்குக்கு மேல் கோபம். வியாபாரம் கெட்டுவிடுமே என்று விழுங்கிக்கொண்டு, டயரை மட்டும் மாட்டிக் கொடுத்தார்.

மறுவாரமே மலைமேல் இருந்த கடைக்காரரின் அக்கா வழுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டாள். ஜீப் கிளம்பியது. கடைக்காரர் பின்னால் தொற்றிக்கொண்டார். புது டயரின் முதல் பயணம் என்பதால் அதிகாரியும் முன் இருக்கையில் எழுந்தருளினார்.

முதல் வளைவிலேயே ஜீப் முனகி நின்றது.

"என்னய்யா?"

"ஏத்தம் சார்," என்றார் டிரைவர்.

"முன்கூட்டியே எனக்குத் தெரிவிக்கலையே?"

"மலை நேத்து முளைச்சதா?" என்று பாய்ந்தார் கடைக்காரர். "இறங்குங்க, தள்ளணும்."

"நான் இறங்கினா இது அலுவல் பயணம் ஆகாது."

அதிகாரி இறங்கவில்லை. வழியில் போனவர்களெல்லாம் முதுகு கொடுக்க, பொழுது சாயும்போது ஜீப் உச்சியைத் தொட்டது.

வலியில் பல்லைக் கடித்தபடி அக்கா கேட்டாள்: "இத்தனை பேர் இருந்தீங்களே, என்னைத் தூக்கிட்டுக் கீழ இறங்கியிருக்கக் கூடாதாடா?"

அதிகாரியின் அறிக்கை மேலிடம் போனது: வாகனம் வெற்றிகரமாக ஏறியது, பல்சக்கரம் மாற்ற வேண்டிய அவசியம் எழவில்லை, இனி ஏற்றங்களுக்கென நான்கு உந்துவிசை உதவியாளர்கள் நியமிக்கப்படுவார்கள்.

"ஜீப்பைத் தள்ளச் சம்பளத்துக்கு ஆளா!" என்று கடைக்காரர் வீட்டில் குதியாய்க் குதித்தார். வேலையில்லாமல் திண்டாடும் மனைவியின் தம்பி மெல்லக் கேட்டான்: "மாமா, நிரந்தர வேலையாமே?"

குதிப்பு நின்றது.

விடிந்ததும் அதிகாரி வீட்டு வாசலில் வரிசை. அன்று தள்ளியவர்கள் எல்லோரும் ஆளுக்கொரு சொந்தக்காரனோடு நின்றார்கள். முண்டியடித்து முன்னால் போன கடைக்காரர், மைத்துனனைத் திருப்பி நிறுத்தி முதுகைத் தட்டிக் காட்டினார்.

"கல்லு மாதிரி சார். ஒரே ஒரு வேண்டுகோள். யார் சொன்னாலும் அந்தப் பல்சக்கரத்தை மட்டும் மாத்திடாதீங்க. நாலு குடும்பத்துப் பிழைப்பு."