பந்து விழாத இடம்

பந்து நேராக ஃபார்முலாவை நோக்கியே வந்துகொண்டிருந்தது. எதற்கெடுத்தாலும் கணக்குப் போடும் சோதனைக்கூடக்காரர் என்பதால் ஆபீசில் அவருக்கு அந்தப் பெயர்.

"ஐயையோ!" என்று வாய்விட்டே அலறினார். நியாயப்படி அது அங்கே வரவே கூடாது. கையுறைக்குள் ஒட்டி வைத்திருந்த துண்டுச் சீட்டுக் கணக்கின்படி அது தொண்ணூறு மீட்டர் தாண்டி, வேலியோரம் விழ வேண்டிய பந்து. அதை நம்பித்தான் அறுபதாவது மீட்டரில் நிம்மதியாக நின்றிருந்தார்.

வேறு வழியில்லாமல், வெயிலில் கண் கூசுவது போல முகத்தைச் சுளித்து, கையை விரித்து, பந்தைத் தோளுக்குப் பின்னால் விட்டார். அன்றைக்கு வெயிலே கிடையாது. வானம் முழுக்க மேகம்.

மின்விசிறிக் கம்பெனியின் வருடாந்திர பேஸ்பால் ஆட்டம் அது. மற்றவர்களுக்கெல்லாம் உலகத்தில் உள்ள விதிதான். ஜெனரல் மேனேஜருக்கு மட்டும் தனி விதி. பர்சனல் ஆபீசர் மூன்று வருடங்களுக்கு முன் எழுதி, சர்க்குலராகவே அனுப்பியிருந்தார். ஜி.எம். எத்தனை பந்தைக் கோட்டைவிட்டாலும் அவுட் இல்லை. அடித்துவிட்டு அவர் ஓடவும் வேண்டாம். அவருடைய டிரைவர் ஓடுவார். அடித்த பந்து தரையைத் தொடும் முன் யாராவது பிடித்தால் மட்டுமே அவுட். அதுவரை மட்டை அவர் கையில்தான்.

யாரும் பிடிக்கக் கூடாது என்று சர்க்குலரில் இல்லை. அதையெல்லாம் எழுதியா வைப்பார்கள்?

போன வருடம் ஸ்டோர்கீப்பர் வேலைக்குப் புதிது. விவரம் தெரியாமல் முதல் பந்தையே லபக்கென்று பிடித்துவிட்டார். அடுத்த வாரமே ஊர்க்கோடியில் இருக்கும் ஸ்க்ரூ குடோனுக்கு மாற்றல். இன்று பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்திருந்தார். ஆள் ஒரு சுற்றுப் பெருத்திருந்தார். பாவம், கவலையில் சாப்பிடுகிறார் என்று எல்லோரும் உச்சுக் கொட்டினார்கள்.

ஃபார்முலா அந்தப் பக்கம் பார்ப்பதையே தவிர்த்தார். திங்கட்கிழமை சோதனைக்கூடத் தலைவர் யார் என்று ஜி.எம். கையெழுத்துப் போடப் போகிறார். அந்தப் பதவியோடு இரண்டு ரூம் குவார்ட்டர்ஸ் வரும். இப்போது இருக்கும் ஒற்றை ரூமில் அவர், மனைவி, இரண்டு பெண்கள், அப்புறம் பத்து நாள் தங்கிவிட்டுப் போகிறேன் என்று நாலு வருடம் முன்பு வந்த மச்சான். மச்சானின் குறட்டைக்கென்றே ஒரு தனி ரூம் வேண்டும்.

பந்தை வீசிக்கொண்டிருந்த பர்சனல் ஆபீசர் ஓடி வந்தார்.

"என்னய்யா இது? பந்து உன் மூக்குக்கு நேரா வருது! விட்டது அப்பட்டமா தெரியுதே!"

"சார், காத்தோட தடையை விட்டுட்டேன். நாப்பத்தஞ்சு டிகிரின்னு எடுத்துக்கிட்டேன். காத்து இழுத்ததுல முன்னாடியே விழுந்துடுச்சு."

"விட்டுக் குடுத்தோம்னு தெரிஞ்சா பிடிக்கிறதை விடப் பெரிய அவமரியாதை. உயிரைக் குடுத்து ஓடணும், பறந்து விழணும், பந்து மட்டும் கையில சிக்கக் கூடாது. புரியுதா?"

"அதுக்குத்தான் சார் கணக்கே போடறேன்! பந்து விழுற இடம் தெரிஞ்சுட்டா, அங்க இல்லாம இருக்கலாம்ல?"

மற்றவர்கள் குத்துமதிப்பாக ஒதுங்கி நின்றார்கள். காற்றை அளந்தே பிழைப்பு நடத்துகிற ஃபார்முலாவுக்கு அது பிடிக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்தார். பந்தின் எடை, குறுக்களவு, காற்றின் தடை எல்லாவற்றையும் சேர்த்தார். அறுபத்திரண்டு மீட்டர் என்று வந்தது. குடுகுடுவென்று பின்னால் ஓடி எண்பத்தைந்தில் நின்றுகொண்டார்.

ஜி.எம். நெற்றியில் கை வைத்து மைதானத்தை ஒரு முறை நோட்டம் விட்டார். இடுப்பைப் பிடித்துக்கொண்டார். அடித்தார்.

பந்து அறுபதைத் தாண்டியது. எழுபதைத் தாண்டியது. கூப்பிட்டு அனுப்பிய விருந்தாளி மாதிரி எண்பத்தைந்துக்கு வந்தது. ஃபார்முலா பாய்ந்து, பந்துக்கு அந்தப் பக்கமாகப் போய்க் குப்புற விழுந்தார். வாயெல்லாம் புல்.

"சுழற்சி!" என்று புல்லைத் துப்பிக்கொண்டே முணுமுணுத்தார். "பந்து பின்பக்கமா சுத்துது. அதான் காத்து தூக்கிக்கிட்டு வந்துடுச்சு. எப்படி மறந்தேன்!"

பார்வையாளர் வரிசையிலிருந்து மனைவியின் குரல் கணீரென்று வந்தது.

"என்னங்க! தள்ளித்தான் நில்லுங்களேன்! ரெண்டு ரூம்ங்க!"

"சும்மா இருடி! சுழற்சியைச் சேர்த்துக்கிட்டு இருக்கேன்!"

சுழற்சியைச் சேர்த்தார். சோதனைக்கூடத்திலிருந்து கொண்டுவந்த காற்றுமானியை உயரப் பிடித்து, வலப்பக்கம் வீசுகிறது என்று குறித்துக்கொண்டார். எல்லாம் சேர்ந்து பந்து வலது ஓரம் போயே தீர வேண்டும். இடது ஓரத்தில், அக்கவுண்ட்ஸ் குமாஸ்தாவின் முதுகை ஒட்டிப் போய் நின்றார்.

பந்து இடது ஓரத்துக்கு வந்தது.

குமாஸ்தா அதைப் பார்த்துவிட்டு, "உங்களுக்குத்தான் சார்!" என்று பதறி நகர்ந்தார். "இல்ல, உங்களுக்கு!" என்று ஃபார்முலா அவரை இழுத்து முன்னால் நிறுத்தப் பார்த்தார். இழுபறியில் இருவரும் கட்டிப் புரண்டார்கள். பந்து இருவரின் தலைக்கும் நடுவே தொப்பென்று விழுந்தது. குமாஸ்தாவின் மூக்குக்கண்ணாடி உடைந்துபோனது.

தூரத்தில் ஜி.எம். மட்டையை ஊன்றி, இமைக்காமல் இவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்தது. எக்கச்சக்கமாக இருந்தது.

"கண்டுபிடிச்சிட்டார். நான் வேணும்னே விடறேன்னு கண்டுபிடிச்சிட்டார்" என்று ஃபார்முலா புலம்பினார்.

இனி தூரமே வேண்டாம், பந்து தலைக்கு மேல் பறந்து போகட்டும் என்று பர்சனல் ஆபீசரின் முதுகுக்குப் பின்னாலேயே போய் நின்றுகொண்டார். ஜி.எம். இந்த முறை மெதுவாகத் தட்டினார். பந்து செங்குத்தாக எழும்பி, பர்சனல் ஆபீசரின் வழுக்கையைத் தாண்டி இறங்கியது. ஃபார்முலா இரண்டு உள்ளங்கையாலும் அதை வாலிபால் மாதிரி தட்டிவிட்டு, "ச்சே! நழுவிடுச்சே!" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

மைதானமே சிரித்தது. ஜி.எம். மட்டும் சிரிக்கவில்லை. ஆட்டம் தொடங்கி இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. அவருக்காக ஓடிக்கொண்டிருந்த டிரைவர் ஒரு மூலையில் நாக்குத் தள்ளி உட்கார்ந்திருந்தார்.

ஃபார்முலாவின் மூளை கடைசியாக ஒரு வழி கண்டுபிடித்தது. ஆடவே முடியாத ஆளை யார் குற்றம் சொல்ல முடியும்? மைதானத்தின் நட்டநடுவே காலைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார்.

"அம்மா! சதை பிடிச்சுக்கிச்சு! என்னால முடியல, நீங்க ஆடுங்க!"

கையுறையைக் கழற்றி எறிந்தார். சீட்டையும் கிழித்துப் போட்டார். மல்லாக்கப் படுத்துக் கண்ணை இறுக மூடிக்கொண்டார். மட்டையில் பந்து படும் சத்தம் கேட்டது. எங்கே வேண்டுமானாலும் போகட்டும், இனி நமக்கென்ன என்று பெருமூச்சு விட்டார்.

பந்து அவர் தொப்பை மேல் வந்து இறங்கியது.

வலியில் உடம்பு தானாகச் சுருண்டது. இரண்டு கைகளும் தானாக வயிற்றைக் கட்டிக்கொண்டன. கண்ணைத் திறந்தபோது பந்து அவர் அணைப்பில், தூங்குகிற குழந்தை மாதிரி பத்திரமாக இருந்தது. தரையைத் தொடவே இல்லை.

ஓடத் தொடங்கிய டிரைவர் பாதி வழியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"அவுட்" என்றார் நடுவர், சாவுச் செய்தி சொல்கிற குரலில்.

ஜி.எம். மட்டையைக் கீழே போட்டார். இடுப்பைப் பிடித்தபடி விறுவிறுவென்று காருக்குப் போய்க் கதவை அறைந்து சாத்திக்கொண்டார். பர்சனல் ஆபீசர் வேறு பக்கம் பார்த்தார். குமாஸ்தா உடைந்த கண்ணாடி வழியாகப் பார்த்துப் பரிதாபப்பட்டார். மனைவி தலையில் கை வைத்துக்கொண்டாள். பக்கத்தில் மச்சான் எதுவும் தெரியாமல் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். நாலு வருடம் அந்தக் குறட்டைக்குள் படுத்தது போதாதா, இனி ஆயுசு முழுக்கவா என்று நினைத்ததும் ஃபார்முலாவுக்கு அழுகையே வந்துவிட்டது.

கார்ப் பக்கமிருந்து டிரைவர் மூச்சிரைக்க ஓடி வந்தார்.

"ஐயா ரொம்பக் கோபமா இருக்கார் சார்."

"தெரியும்பா. பிடிச்சது என் தப்புதான். குடோனுக்கு எப்பப் போகணும்னு மட்டும் சொல்லிடு."

"பிடிச்சதுக்கு யாரு சார் கோபப்பட்டா? போன வருஷம் பிடிச்ச ஸ்டோர்கீப்பருக்கு நோகாத வேலையாப் பார்த்து குடோனையே குடுத்தாரே! ஐயாவுக்கு இடுப்பு வலி உயிர் போகுது, தானா மட்டையைக் கீழ வச்சா கௌரவக் குறைச்சல்னு, கணக்குத் தெரிஞ்ச மனுஷன் கண்டிப்பா பிடிப்பார்னு நம்பி, நீங்க எங்கெங்க ஓடிப் போய் நின்னீங்களோ அங்கங்க பார்த்துக் குறி வச்சு அடிச்சிருக்கார். முதல் நாலு பந்தை எதுக்கு விட்டீங்கன்னு கேட்டுட்டு வரச் சொன்னார்!"