மைக் வேண்டாமென்ற பிள்ளைகள்

திருநெல்வேலி டவுண்,
சனிக்கிழமை.

அன்பும் அதற்குச் சரியான வீம்பும் உள்ள தங்கச்சி சுடலைவடிவுக்கு, அண்ணன் பிச்சைக்கண்ணு எழுதிக்கொண்டது. இங்கு நானும் உன் மதினியும் நாலு குழாய் ஸ்பீக்கரும் நலம். அங்கு நீயும் மாப்பிள்ளை ஞானையாவும் நலமாக இருக்க நான் எந்தச் சாமியிடம் கேட்டாலும் நீ கோபப்படுவாய் என்பதால், பொதுவாகக் கேட்டு வைத்திருக்கிறேன். ஒன்பது வருசமாகப் போன் போட்டால் நீ எடுப்பதில்லை, அதனால்தான் கடுதாசி. அஞ்சாங்கிளாஸ் கையெழுத்து. புரியாவிட்டால் மாப்பிள்ளையிடம் கொடு, வாத்தியார் வேலை பார்க்கிறவர்தானே, திருத்திக்கொண்டே வாசிப்பார்.

விசயம் என்னவென்றால், போன வியாழக்கிழமை பாளையங்கோட்டையில் ஒரு காலேஜிலிருந்து ஒரு பிள்ளை போன் பண்ணி, "அண்ணாச்சி, எல்லா மதத்துப் பிள்ளைகளும் உக்காந்து பேசுத கூட்டம், மைக்செட் வேணும்" என்றது. மூணு மதம் என்றால் மூணு மடங்கு சத்தம் வேண்டுமே என்று நாலு குழாய், ஆம்ப்ளிஃபயர், ஒயர் எல்லாவற்றையும் லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனால், இருபது பிள்ளைகள் வேப்பமரத்தடியில் வட்டமாகத் தரையில் உட்கார்ந்திருக்கு. போன் பண்ணின பிள்ளை ஹம்னா, மேலப்பாளையத்துக்காரி, ஓடி வந்து, "மன்னிச்சிருங்க அண்ணாச்சி, மைக் வேண்டாம்னு இப்பதான் முடிவு பண்ணுனோம். மைக் இருந்தா எல்லாரும் பேசுதோம், ஒருத்தரும் கேக்க மாட்டுக்கோம்" என்கிறது! முப்பது வருசத் தொழில், ஒரே வரியில் முடித்துவிட்டது. சுக்குக்காப்பி வருகிறது, குடித்துவிட்டுப் போங்கள் என்றதால் ஆம்ப்ளிஃபயர் பெட்டிமேல் உட்கார்ந்தேன்.

அவர்களுக்கு ஒரு சட்டம் உண்டு. ஒருத்தர் மனசில் கிடப்பதைச் சொன்னால் அடுத்தவர் உடனே பதில் சொல்லக் கூடாது. கேட்டதை முதலில் தன் வாயால் திருப்பிச் சொல்ல வேண்டும். சொன்னவர் "ஆமா, இதான் சொன்னேன்" என்று ஒத்துக்கொண்டால்தான் மேற்கொண்டு பேச்சு. நம் வீட்டில் இந்தச் சட்டம் இருந்திருந்தால் உன் கல்யாணப் பேச்சு இன்னும் முடிந்திருக்காது.

ஹம்னா ஆரம்பித்தது. "நோம்பு நேரத்துல தெனமும் ஜெனோ என்னைப் பாத்து, எச்சிகூட முழுங்கக் கூடாதாக்கும்னு கேப்பான். எல்லாரும் சிரிப்பாக. நானும் சிரிப்பேன். பத்தாம் நாள்ல இருந்து இந்த மரத்தடிக்கு வாரதையே நிறுத்திட்டேன்."

ஜெனோ என்பவன் எதிரிலேயே இருந்தான். பார்த்தாலே தெரிந்தது, என் சாதி, அதாவது கேலிக்காரச் சாதி. "நோம்பக் கிண்டல் பண்ணாதன்னு சொல்லுதா" என்றான்.

"இல்ல."

"எம்மேல கோவமா இருக்கா."

"அதுவும் இல்ல."

பிறகு என்னதான் வே சொல்லுதா என்று எனக்கே வாய் வரை வந்துவிட்டது. ஒரு பிள்ளைகூட அவனுக்கு எடுத்துக் கொடுக்கவில்லை, ஒருத்தரும் அவனை முறைக்கவும் இல்லை. காத்திருந்தார்கள். ஜெனோ குச்சியால் மண்ணைக் கிண்டினான். என் சுக்குக்காப்பி ஆறியே போச்சு. கடைசியில் பைய நிமிர்ந்து, "எங்ககூடச் சிரிச்சுக்கிட்டே, நீ தனியா இருந்திருக்க" என்றான்.

"ஆமா, இதான் சொன்னேன்" என்றது ஹம்னா.

கைதட்டல் இல்லை, பொன்னாடை இல்லை. அடுத்து ஜெனோ தன் மனத்தாங்கலைச் சொல்ல, இப்போது ஹம்னா முழிக்க ஆரம்பித்தது. எனக்கோ உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது தாயி. கோயில் கொடையில் சாமி வரும்போது வருமே, அதே சிலிர்ப்பு, ஆனால் மேளமில்லாமல். எத்தனை கூட்டத்துக்கு மைக் கட்டியிருக்கிறேன்! ஒரு மனுசன் சொன்னது இன்னொரு மனுசன் காதுக்குள் போய்ச் சேருவதை அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன்.

வாயை மூடிக்கொண்டு வந்திருக்கலாம். "நீங்களும் ஒரு ஆளு சொன்னதத் திருப்பிச் சொல்லுங்க அண்ணாச்சி" என்றது ஹம்னா. "எம் பொண்டாட்டி சொன்னதச் சொல்ல ஆரம்பிச்சா மூணு நாள் லீவு போடணும்" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். ஹம்னாவும் சிரித்துவிட்டு, காத்திருந்தது. அப்போதுதான் நீ வந்து மனசில் நின்றாய்.

நீ ஞானஸ்நானம் எடுத்துச் சாலோமி ஆன மறுவருசம், சுடலைமாடன் கோயில் மத்தியானக் கொடைக்கு வந்தாய். நான் நாலு குழாயிலும், "வள்ளியூரிலிருந்து வருகை தந்திருக்கும் அல்லேலூயா சாலோமி அம்மையாரை விழாக் கமிட்டி சார்பாக வருக வருக என வரவேற்கிறோம்" என்றேன். தெருவே சிரித்தது. நீ சாப்பிடாமல் கிளம்பினாய். பஸ் ஏறும்போது ரெண்டே வரி சொன்னாய். நான் அதற்கும் ஒரு ஜோக் அடித்தேன். பஸ்ஸும் போச்சு, ஒன்பது வருசமும் போச்சு.

"எந் தங்கச்சி, மைக்குச் சத்தம் சாஸ்தின்னு சொன்னா" என்றேன். "அவங்க இங்க இருந்தா ஆமாம்பாங்களா?" என்று கேட்டது ஹம்னா. "அவ சாமியக் கேலி பண்ணாதன்னா." அதற்கும் அதே கேள்வி. மூணாந்தடவை சொல்லாமல் பெட்டியை விட்டு எழுந்தேன். அதை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டேன்.

இவ்வளவுதான் சங்கதி. நான் இறங்கி வந்துவிட்டேன் என்று நினைத்துவிடாதே. நாளைக்கு உங்கள் சர்ச்சில் ஊருக்கே போடுகிற அசனச் சாப்பாட்டுக்கு மாப்பிள்ளை நோட்டீஸ் அனுப்பியிருந்தார். எனக்கு மைக்செட் வேலை கிடக்கிறது, வர இயலாது. உன் சாமியும் என் சாமியும் கலந்து பேசி உங்களை நல்லபடி வைத்திருக்கட்டும்.

இப்படிக்கு,
அன்பு அண்ணன்,
பிச்சைக்கண்ணு

பின்குறிப்பு: கவரில் ஸ்டாம்பு தேடாதே. மேலே டவுண் என்று போட்டது பொய். இதை எழுதியதெல்லாம் வள்ளியூர் பஸ் ஸ்டாண்டில்தான். நாளைக்கு வேலையும் இல்லை. இப்போது இதை உள்ளே போட்டுவிட்டு உன் வீட்டுக் கேட்டுக்கு வெளியே நிற்கிறேன், கையில் மைக் இல்லை. அன்றைக்கு நீ சொன்னது, "நான் பொறந்த வீட்டுக்கு வந்தேன். நீ விருந்தாளின்னு சொல்லிட்ட." இதுதானே சாலோமி? ஆமா என்றால் கேட்டைத் திற. இல்லை என்றால் இன்னொரு தடவை சொல். நின்று கேட்கிறேன்.