மடக்குக் கதவும் சனிக்கிழமை பிராக்டீசும்

அந்த நாடகம் என் வீட்டு டி.வி.யில் ஓடக்கூடாது என்று முடிவு கட்டினேன். நான் ஒரு முடிவு எடுத்தால் எடுத்ததுதான். சித்தூர் மிஷன் காம்பவுண்டில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். என் மனைவி ஜெயகுமாரியை மட்டும் கேட்காதீர்கள்.

மெட்ராஸ் டி.வி. ஸ்டேஷன்காரர்களுக்குப் புதிதாக எதுவும் தோன்றவில்லை போலிருக்கிறது. எப்போதோ வந்த பழைய நகைச்சுவை நாடகம் ஒன்றைத் தூசு தட்டி, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மறுபடி போடுவதாக அறிவித்துவிட்டார்கள். கல்யாண ஊர்வலத்துக்கு வாசிக்கிற ஒரு பேண்டு செட்டைப் பற்றிய நாடகம். ட்ரம் அடிக்கிறவன் மொடாக்குடியன். கிளாரினெட்காரன் புடவை கட்டிக்கொண்டு நடுத்தெருவில் ஆடுவான். விலாசம் மாறிப்போய்ச் சாவு வீட்டு வாசலில் நின்று கல்யாணப் பாட்டு வாசிப்பார்கள். இதற்கெல்லாம் சிரிப்பதற்கென்றே ஒரு ஜனம் இருக்கிறது. அந்த ஜனம் முழுக்க என் வீட்டு ஹாலில்தான் வந்து உட்காரும், ஏனென்றால் எங்கள் தெருவில் டி.வி. இருப்பது என் வீட்டில்தான்.

டி.வி. என்றால் சாதாரண டி.வி. இல்லை. மரப்பெட்டி, முன்னால் இருபக்கமும் இழுத்துச் சாத்துகிற மடக்குக் கதவு, அதற்குப் பூட்டு, சாவி. கோவில் கோபுரத்துக்குப் போட்டியாக மாடியில் ஆண்டெனா. காற்றடித்தால் படத்தில் இருப்பவர்களெல்லாம் சாமி வந்த மாதிரி ஆடுவார்கள். அதையும் கண் கொட்டாமல் பார்த்துவிட்டு "சூப்பர்" என்று எழுந்து போகிறவர்கள் நம்மவர்கள். இவர்களுடைய ஒழுக்கத்தைக் காப்பாற்ற என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?

சரி, உங்களிடம் மறைப்பானேன். ஒழுக்கம் எக்கேடு கெட்டாலும் எனக்கு ஒன்றும் இல்லை. என் பயமெல்லாம் அந்தப் பேண்டு செட்டில் வருகிற ட்ரம்பெட்காரனைப் பற்றித்தான்.

கம்பெனி வேலையாக மெட்ராஸ் போயிருந்தபோது இந்த நாடகத்தை ஒரு லாட்ஜில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். ட்ரம்பெட்காரன் வாராவாரம் பிராக்டீஸ் என்று பெண்டாட்டியிடம் சொல்லிவிட்டுக் கிளம்புவான். நேரே ஓட்டலுக்குப் போய் மூக்குமுட்டத் தின்றுவிட்டு வருவான். ஒருநாள் அவள், "இத்தனை நாள் பிராக்டீஸ் பண்ணீங்களே, எங்கே வாசிச்சுக் காட்டுங்க" என்பாள். அத்தோடு அவன் கதை முடிந்தது.

அன்றைக்கு விழுந்து விழுந்து சிரித்தேன். பிறகு எனக்குச் சர்க்கரை வியாதி வந்தது. வேலை பார்ப்பதோ மாம்பழக் கூழை டப்பாவில் அடைக்கிற கம்பெனியில். வீட்டில் ஜெயகுமாரி பத்துக் கட்டளைக்கு மேல் பதினோராவதாக டாக்டர் சொன்னதைச் சேர்த்துக்கொண்டாள். காலையில் கேவுரு என்கிற கேழ்வரகுக் கஞ்சி, மத்தியானம் பாகற்காய், ராத்திரி இன்னும் கொஞ்சம் கேவுரு. மனுஷன் எத்தனை நாள்தான் தாங்குவான்? அப்போதுதான் ட்ரம்பெட்காரன் ஞாபகம் வந்தான்.

நான் எங்கள் சபைக் கொயரில், அதாவது பாடகர் குழுவில், பேஸ் என்கிற அடிக்குரல். சனிக்கிழமை சாயங்காலம் பிராக்டீஸ். போய் முதல் பாட்டுக்கு வாயைத் திறப்பேன். பிறகு கொயர் மாஸ்டர் இன்பசேகரன் காதில் "ஃபாக்டரியில் நைட் ஷிப்டு, மாஸ்டர்" என்று கிசுகிசுத்துவிட்டுப் பின்வாசல் வழியாக நழுவுவேன். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு மிலிட்டரி ஓட்டல். பரோட்டா, கொத்துக்கறி, கடைசியில் ஒரு பால்கோவா. வாரத்தில் நான் உயிரோடு இருப்பது அந்த ஒரு மணி நேரம்தான். அதற்குத்தான் இந்த நாடகம் உலை வைக்கப் பார்த்தது.

ஆகவே சாப்பாட்டு நேரத்தில் ஆரம்பித்தேன்.

"ஜெயா, ஞாயித்துக்கெழம அந்த பேண்டு நாடகம் நம்ம வூட்ல ஓடாது."

"ஏன், கரண்டு இருக்காதா?"

"கரண்டு இருக்கும். ஒழுக்கம் இருக்காது."

"அப்படி இன்னா கீது அதுல?"

"குடி கீது. கூத்து கீது. ஆம்பள பொடவ கட்டிக்கினு ஆடறான். சாவு வூட்ட கிண்டல் பண்றான். பாக்கறவங்க மனசு புண்படும்."

"யார் மனசு?"

"எல்லார் மனசும்தான். நான் சபைக் கமிட்டி மெம்பர். நாளைக்குப் போதகர் கூப்ட்டுக் கேட்டா இன்னா பதில் சொல்றது?"

"போதகரம்மா காலைலயே கேட்டாங்க. எத்தினி மணிக்கு வந்தா முன்னாடி எடம் கெடைக்கும்னு."

எனக்குக் களி தொண்டையில் நின்றது. ஜெயகுமாரி தண்ணீர் ஊற்றினாள்.

"தாட்சாயணி முறுக்கு சுட்டு எடுத்தாராளாம். வரவேணாம்னு நீங்களே போய்ச் சொல்லிடுங்க."

தாட்சாயணி பக்கத்து வீட்டுக்காரி. பேச்சைத் தெலுங்கில் ஆரம்பித்துத் தமிழில் முடிப்பாள். சண்டை என்று வந்தால் இரண்டிலும் ஒரே மூச்சில் பொழிவாள். அவள் வாசலில் போய் நின்று முறுக்கு வேண்டாம் என்று சொல்ல நான் என்ன பைத்தியமா?

"அப்ப ஒண்ணு செய்யுங்க" என்றாள் ஜெயகுமாரி. "நம்ம பெட்டிக்குத்தான் மடக்குக் கதவு கீதே? சாவிய நீங்களே வெச்சிக்கினு பக்கத்துல நில்லுங்க. கெட்டது வர்ற எடத்துல சாத்துங்க. போனதும் தொறந்துடுங்க. ஒழுக்கமும் கெடாது, முறுக்கும் வீணாவாது."

கதவைச் சாத்தும் அதிகாரத்தை அவளாகவே எடுத்து என் கையில் கொடுக்கிறாள்! இப்படியும் ஒரு வெகுளி உண்டா? படித்த பெண்ணென்று சொல்லித்தான் கட்டி வைத்தார்கள்.

"இது எனக்கே தோணியிருக்கும்" என்றேன்.

"தோணியிருக்கும். அதுக்குள்ள நான் அவசரப்பட்டுட்டேன்" என்றாள் பணிவாக.

ஞாயிற்றுக்கிழமை ஹால் நிரம்பி வழிந்தது. முன்வரிசையில் போதகரம்மா. பக்கத்தில் தாட்சாயணி, மடியில் முறுக்கு டப்பா. ஜெயகுமாரி கடைசியில் சுவரோரமாக உட்கார்ந்துகொண்டாள். நான் சாவியும் கையுமாகப் பெட்டியருகே நின்று ஒரு சிறு சொற்பொழிவு ஆற்றினேன்.

"இதில் சிலருடைய மனம் வருந்தக்கூடிய காட்சிகள் வரும். நான் கதவைச் சாத்தும்போது யாரும் கூச்சல் போடக்கூடாது. உங்கள் நன்மைக்காகத்தான்."

"சரேலே அண்ணா, தள்ளி நில்லுங்க. தெரியல" என்றாள் தாட்சாயணி.

நாடகம் தொடங்கியது. ட்ரம் அடிக்கிறவன் போதையில் ட்ரம்மை விட்டுவிட்டு மாப்பிள்ளை வயிற்றில் தாளம் போட்டான். நான் சிரித்த சிரிப்பில் மூக்குக்கண்ணாடி கீழே விழுந்தது. அதைப் பொறுக்கி நிமிர்வதற்குள் அவன் போய்விட்டான்.

"ஏமண்ணா, குடிகாரன் வந்தானே, சாத்தல?"

"குடியின் கேட்டைக் காட்றாங்கம்மா. பாடம். பாடத்த மறைக்கக்கூடாது."

கிளாரினெட்காரன் புடவையில் வந்தான். இடுப்பை ஓர் ஆட்டு ஆட்டினான் பாருங்கள்! என் கை கதவின்மேல்தான் இருந்தது. கண்தான் வர மறுத்தது.

"இதுக்கும் சாத்தல?"

"அது... நாட்டுப்புறக் கலை."

சாவு வீட்டில் கல்யாணப் பாட்டு ஆரம்பித்தது. போன மாதம்தான் மாமியாரை அடக்கம் செய்த போதகரம்மாவே முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினார். அவரே சிரிக்கும்போது குறுக்கே விழ நான் யார்?

அப்போதுதான் ட்ரம்பெட்காரன் வந்தான். வாத்தியத்தைத் துடைத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான். பெண்டாட்டியைப் பார்த்தான். "நான் பிராக்டீசுக்கு..." என்று வாயைத் திறந்தான்.

படார்! இரண்டு கதவையும் ஒரே இழுப்பாக இழுத்துப் பூட்டினேன். பெட்டி ஓரத்துத் திருகைத் திருகிச் சத்தத்தையும் அடக்கினேன். அது போதாதென்று முதுகைக் கொடுத்து நின்றுகொண்டேன். பிதுங்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டால்?

"ஏமண்ணா இது! அந்தாளு சும்மா பொண்டாட்டிகிட்ட சொல்லிட்டுக் கெளம்பறான். அதுல ஏம் தப்பு?"

"அங்கதாம்மா விஷமே கீது."

"முத்தமா?"

"அதவிட மோசம்."

"அய்யய்யோ!" என்றது ஹால். போதகரம்மா கண்ணை மூடிக்கொண்டார். சுவரோரமாக ஜெயகுமாரி முறுக்கை மென்றுகொண்டிருந்தாள்.

அந்தக் காட்சி முடிந்திருக்கும் என்று நிச்சயம் செய்துகொண்டபிறகுதான் திறந்தேன். மீதி நாடகம் ஓடி முடிந்தது. போகும்போது போதகரம்மா, "உங்களப் போல ஒரு குடும்பத் தலைவர் ஒவ்வொரு வீட்டுக்கும் வேணும்" என்றார். நான் தலையைத் தாழ்த்தி அதை ஏற்றுக்கொண்டேன். என் சனிக்கிழமை பிழைத்தது. வரும் வாரம் பால்கோவா இரண்டு என்று அப்போதே தீர்மானித்தேன்.

எல்லோரும் போனபிறகு ஜெயகுமாரி கதவைத் தாழ்போட்டுவிட்டு எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"இன்னாங்க, நேத்து பிராக்டீஸ்ல புதுப் பாட்டு இன்னா சொல்லிக் குடுத்தாங்க? கொஞ்சம் பாடுங்களேன்."

நான் இருமிக் காட்டினேன்.

"தொண்டை கட்டிக்கினு கீது, ஜெயா."

"மெதுவா பாடுங்க. நான் ஒருத்திதானே கேக்கறேன்."

வேறு வழியில்லாமல் ஏதோ ஒன்றை எடுத்துவிட்டேன்.

"இது ஈஸ்டருக்குப் பாடினது."

"ரிவிஷன்."

"பாட்டு ரிவிஷன் பண்ணா சட்டைல கொத்துக்கறி வாசன வருமா?"

"பக்கத்துல நின்னு பாடறவன் துன்னுட்டு வரான். நான் இன்னா செய்யறது?"

அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. கண் கலங்கிவிட்டது.

"எங்க நைனாவுக்கு முழங்காலோட கால எடுத்தது எதனால? சர்க்கரைனாலதானே? அவர தூக்கி உக்கார வெச்ச கை இது. உங்களையும் தூக்கணுமா நான்? எனக்கு பயமா கீதுங்க."

அவளுடைய கையையே பார்த்தேன். ஆனாலும் ஆண்பிள்ளை இல்லையா, கடைசியாக ஒரு முயற்சி செய்தேன்.

"யாரோ உங்கிட்ட கோள் சொல்லியிருக்காங்க. யாரு, மாஸ்டரா?"

"யாரும் சொல்லல. சந்தேகம்தான் இருந்துது. நீங்கதான் சொன்னீங்க, இன்னிக்கு."

"நான் வாயே தொறக்கலயே?"

"கதவ சாத்தினீங்களே." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "அந்த நாடகத்த அது மொதல்ல வந்தப்பவே பெரம்பூர்ல எங்கக்கா லோயிஸ் வூட்ல பாத்துட்டேன். குடிகாரன் வந்தான், சாத்தல. ஆட்டம் வந்துது, சாத்தல. அந்த ட்ரம்பெட்காரனுக்கு மட்டும் சாத்தினதும் இல்லாம பூட்டு வேற போட்டீங்க. நீங்க எங்க சாத்தறீங்கன்னு பாக்கத்தான் சாவிய உங்க கையில குடுத்தேன்."

இப்போது சனிக்கிழமைகளில் நான் ஒழுங்காகப் பிராக்டீசுக்குப் போகிறேன். துணைக்கு ஜெயகுமாரியும் பெண்கள் பாடுகிற ஆல்டோ வரிசையில் சேர்ந்துவிட்டாள். பின்வாசல் பக்கத்து நாற்காலி அவளுடையது. வந்த வாரமே அவளுக்குத் தனிப்பாடல் கொடுத்துவிட்டார் மாஸ்டர் இன்பசேகரன். என் குரலை முதல்தடவையாக முழுசாகக் கேட்டுவிட்டு, நான் மட்டும் இனிமேல் உதட்டை அசைத்தால் போதும் என்று சொல்லியிருக்கிறார்.