ரத்தினபாயின் கண்ணுக்கு மூன்றாம் வரிசை

ஊரப்பாக்கம்

கர்த்தருக்குள் பிரியமான ஆஸ்டின் மச்சானுக்கு, தங்கை வீட்டுக்காரன் லாசரஸ் ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது. நாசரேத்தில் நீங்களும் மதினியும் சுகமாயிருக்க ஜெபிக்கிறேன். இங்கே நான் சுகமில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை, அதிர்ச்சிதான். போனிலேயே சொல்லியிருப்பேன். ஆனால் நான் போனைத் தொட்டாலே ஊருக்கெல்லாம் கேட்டுவிடுகிறது, அதனால்தான் கடிதம்.

தாம்பரம் பக்கத்து ராஜகீழ்ப்பாக்கத்து வாடகை வீட்டை விட்டு இந்த ஃபிளாட்டுக்கு வந்ததும், "குரூப்ல இல்லன்னா தண்ணி லாரி வர்றதுகூடத் தெரியாதுப்பா" என்று என் மகன் ஃபிரெடி என்னை 'ஊரப்பாக்கம் உறவுகள்' என்ற வாட்ஸப் குரூப்பில் சேர்த்துவிட்டான். சேர்ந்த அன்றே வேத வசனப் படம் போட்டேன். மதப் பதிவு கூடாது என்றார் அட்மின் தனசேகர். அடுத்து, இரண்டாம் மாடியில் ஒருவர் காலமான செய்தி வந்தது. பார்த்துவிட்டேன் என்று தெரிவிக்க ஒரு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினேன். அதற்கப்புறம் லிஃப்டில் ஒருவரும் என் முகத்தைப் பார்ப்பதில்லை.

உங்கள் தங்கை ரத்தினபாய்க்குக் கண்புரை முற்றிவிட்டது மச்சான். போன ஞாயிறு கோயிலில் போதகரென்று நினைத்துத் தூணுக்கு ஸ்தோத்திரம் சொன்னாள். மாடிப்படியில் ஒருமுறை விழுந்தும் விட்டாள். எனக்குப் பயமாக இருக்கிறது. இந்த நேரத்தில்தான் நம் காம்ப்ளெக்ஸிலேயே இலவசக் கண் முகாம், பத்துப் பேருக்கு ஆபரேஷனும் இலவசம் என்று குரூப்பில் செய்தி வந்தது. பெயரோடு சொந்த ஊரும் கேட்டார்கள். கேட்டால் நம் ஆட்கள் சும்மா இருப்பார்களா? நாற்பது வருஷமாகத் தாம்பரத்துத் தண்ணீர் குடித்திருந்தும், 'நாசரேத்' என்று போட்டு இரண்டு பூச்செண்டும் வைத்து அனுப்பினேன். அங்கேதான் இடி விழுந்தது!

சாயங்காலம் தனசேகர் வரிசையை அறிவிக்கிறார். முதலில் ஊரப்பாக்கத்துக்காரர்கள், அடுத்து சென்னைக்காரர்கள், மூன்றாவது நம் நாசரேத்தையும் சேர்த்துத் தெற்கத்தியார், கடைசியில் வெளிமாநிலத்தார். மறைமலை நகர் கார் கம்பெனியில் வேலை பார்க்கும் ஒடிசாக்காரர் ஒருவர் கீழ்த்தளத்தில் இருக்கிறார். அவருடைய தாயார் பசந்தி அம்மா சுவரைத் தடவித் தடவித்தான் நடக்கிறார். அவரைக் கடைசியில் போட்டிருக்கிறார்கள்! பார்க்கிங்கில் தனசேகரைப் பிடித்தேன்.

"புரை யாருக்கு அதிகமோ அவங்கதானே சார் முதல்ல?"

"இன்னா சார் நீ, புரைய அளக்க மிசினு வோணும். ஊருன்னா நீயே எய்திக் குட்த்துட்ட!"

வீட்டுக்கு வந்து, கண்ணைப் படைத்தவர் ஊர் பார்த்தா படைத்தார், பசந்தி அம்மாவைக் கடைசியில் நிறுத்த இவன் யார் என்று கத்தித் தீர்த்தேன். கையிலிருந்த போன் அவ்வளவையும் பதிவு பண்ணிக் குரூப்புக்கு அனுப்பிவிட்டது. ரத்தினபாய் மட்டும், "அந்தம்மா சுவரைத் தடவிட்டு நடக்கு. நான் உங்களைத் தடவிட்டாவது நடக்கேன். அவங்க மொதல்ல போட்டும்" என்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. வைத்தியத்தில்கூட ஊர் பார்க்கிற ஜனங்களோடு இனி என்னால் குடித்தனம் பண்ண முடியாது. ஃபிளாட்டை விற்றுவிடலாமென்று இருக்கிறேன், நல்ல ஆள் இருந்தால் சொல்லுங்கள்.

மதினிக்கு ஸ்தோத்திரம், பேரப்பிள்ளைகளுக்கு என் முத்தங்கள். கர்த்தர் உங்கள் வீட்டைக் காப்பாராக.

இப்படிக்கு,
மனம் நொந்த
லாசரஸ்

பி.கு.: உறையை ஒட்டப் பசை தேடுகையில், முகாம் டாக்டரே குரூப்பில் சேர்ந்திருக்கிறார். பெயர் ஜோசலின். யாரென்று நினைக்கிறீர்கள்? நம் நாசரேத் துரைராஜ் வாத்தியார் பேத்தி! உடனே அந்தப் பிள்ளைக்குத் தனியாக, 'நானும் நம்ம ஊர்தாம்மா. வெளியாட்களை அப்புறம் பார்க்கலாம், அத்தை கண்ணை முதல்ல பாரு' என்று எழுதிப்போட்டேன். ஃபிளாட்டை விற்கவில்லை, ஊரப்பாக்கம் நல்ல ஊர்தான். மேலே எழுதியதைப் படித்ததும் கிழித்துவிடவும்.

இன்னொன்று. தனியாக அனுப்பியதாக நினைத்தது குரூப்பில் போய் விழுந்திருக்கிறது. டாக்டர் இன்னும் பதில் போடவில்லை. பசந்தி அம்மாவின் மகன் மட்டும் ஒரு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியிருக்கிறார். பார்த்துவிட்டேன் என்று தெரிவிக்கத்தான் இருக்கும், இல்லையா மச்சான்?