ஒருவரையும் விடமாட்டார் வெண்டல்

கல்லூரி கட்டுகிறவர்கள் உண்டு, பாடம் நடத்துகிறவர்கள் உண்டு, பரீட்சை வைத்துக் கழுத்தறுக்கிறவர்களும் உண்டு. இவர்களில் யாரோடும் சேராத இனம் ஒன்று வடக்கு டகோட்டாவில் எங்கள் பழங்குடிக் கல்லூரியில் வளர்கிறது. தக்கவைப்பாளர் என்று பெயர். சேர்ந்த மாணவர் பாதியில் படிப்பை விட்டுவிடாமல் பார்த்துக்கொள்வது இவர் வேலை. எப்படிப் பார்த்துக்கொள்வார் என்கிறீர்களா? கூட்டம் போட்டுத்தான்.

எங்கள் தக்கவைப்பாளர் வெண்டல் பெல்கார்ட் நல்ல மனிதர். அதுதான் தொல்லையே. கெட்டவராக இருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டு வேலையைப் பார்க்கலாம். 'இந்தக் கதவு உங்களுக்காக எப்போதும் திறந்திருக்கும்' என்று தன் அறைக் கதவில் எழுதி ஒட்டியிருக்கிறார். கதவும் திறந்தேதான் கிடக்கும், உள்ளே அவர்தான் இருக்கமாட்டார். கூட்டத்தில் இருப்பார். பெரியவர் ஒருவர் பிரார்த்தனை சொல்ல, இறைச்சி உருண்டை சூப்பும் வறுத்த ரொட்டியும் கைமாற, போன வருஷம் சேர்ந்த நூறு பேரில் நாற்பது பேர் எங்கே போனார்கள் என்று மூன்று மணி நேரம் கவலைப்பட்டு, அந்தக் கவலையை ஆராய ஒரு துணைக்குழு அமைத்துவிட்டுத்தான் எழுந்திருப்பார். போனவர்களையே கேட்டுப் பார்க்கக் கூடாதா? கேட்காமல் என்ன! அறுபது கேள்விகளை அவர்களுடைய கல்லூரி மின்னஞ்சலுக்கு அனுப்பினாரே. படிப்பை விட்ட அன்றே அந்த மின்னஞ்சலைக் கல்லூரி மூடிவிடும். பதில் வரவில்லை. மாணவர்களுக்கு அக்கறை போதாது என்று எழுதிக்கொண்டார்.

எங்களில் ஒரு சாவு விழுந்தால் ஊரே வேலையைப் போட்டுவிட்டு வந்துவிடும். அடக்கம் முடியும்வரை உடலைத் தனியே விடமாட்டோம். அக்டோபரில் ரோஸெல்லா அத்தை போனபோது பெட்டி தூக்கிய ஆறு பேரில் வெண்டலும் ஒருவர். அவருடைய சித்தப்பா மகள் கார்லீன், நர்ஸ் படிப்பில் இரண்டாம் வருஷம், இரண்டு பிள்ளைகளுக்குத் தாய், மூன்று நாளும் அடுப்படியை விட்டு நகரவில்லை. அவள் கையால் மூன்று கிண்ணம் சூப் வாங்கிக் குடித்தார் வெண்டல். திங்கட்கிழமை அவர் கையெழுத்தோடு அவளுக்கு ஒரு கடிதம் வந்தது. 'மூன்று நாளாக உங்களை வகுப்பில் காணவில்லை. காரணம் அறிய ஆவலாக உள்ளோம்.' கடிதமும் கையுமாக வந்து கல்லூரி வாசலில் அவரைப் பிடித்தாள் கார்லீன்.

"ஏண்ணே, பெட்டியோட அந்தப் பக்கம் தூக்கினது நீதானா, இல்ல உன் சாடையில வேற யாராச்சுமா?"

"அது கம்ப்யூட்டர் தானா அனுப்புறது தங்கச்சி. அதுக்கு அத்தையைத் தெரியாதே."

"உனக்குத் தெரியுமில்ல?"

நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள், வெண்டலும் சேர்ந்து சிரித்தார். எங்கள் ஊரில் கேலிக்குக் கோபித்துக்கொண்டவனை அடுத்த பனிக்காலம்வரை விடமாட்டார்கள். கார்லீன் மட்டும் சிரித்து முடித்ததும் விரல்விட்டு நாள் எண்ணினாள். நர்ஸ் படிப்பில் ஆறு நாளுக்கு மேல் வராவிட்டால் பெயரை அடித்துவிடுவார்கள். மகனுக்குக் காய்ச்சல் மூன்று நாள், சாவுக்கு மூன்று நாள். ஆறும் தீர்ந்தது. கல்லூரி முப்பது மைல், அவளுடைய கார் செத்து இரண்டு மாதம், இருப்பது கல்லூரி வேன் ஒன்றுதான்.

நவம்பரில் ஒரு வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு, பனியில் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றவள் முன்னால் வேன் வந்து நின்றது. உள்ளே தக்கவைப்புக் குழு மொத்தமும் உட்கார்ந்திருந்தது. மைனாட் நகரத்தில் அன்று தக்கவைப்பு மாநாடு; போகிற வழியில் அவளைக் கண்டு நிறுத்தியிருக்கிறார்கள்.

"வேன் வராதுன்னு மின்னஞ்சல் போட்டேனே, பாக்கலியா?" என்றார் வெண்டல்.

"வீட்டுல ஏது அண்ணே இன்டர்நெட்? இன்னைக்குப் போகலேன்னா பேரை அடிச்சிருவாங்க. வேனைத் திருப்பச் சொல்லு."

"திருப்பினா போக வர ஒரு மணி நேரம்தான் வெண்டல்," என்றார் டிரைவர் ஹெர்ப்.

வெண்டல் தவித்துப்போனார். தங்கை மேல் அவருக்கு உண்மையிலேயே பாசம். ஆனால் பத்து மணிக்கு அவர் பேச வேண்டும்; தலைப்பு, 'ஒருவரையும் விடமாட்டோம்'. சட்டென்று முகம் மலர்ந்தது.

"நீயும் ஏறு! மேடையில நிஜமான மாணவி ஒருத்தி பேசினா எப்படி இருக்கும்! டீச்சர்கிட்ட நான் சொல்லிக்கிறேன். அண்ணன் இருக்கேன்ல?"

அண்ணன் இருக்கிறார் என்று நம்பி ஏறினாள் பாவி மகள். மேடையில் மைக்கைப் பிடித்து, "நான் வகுப்புக்குப் போகணும். வேன் இங்க வந்துடுச்சு," என்றாள். அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. வெண்டலுக்குக் கேடயம் கொடுத்தார்கள்.

மறுநாள் வெண்டல் ஆசிரியையிடம் மூன்று தடவை நடந்தார், கெஞ்சினார், கண்கூடக் கலங்கினார். விதி மாநிலத்துடையது, ஆசிரியையால் ஒன்றும் செய்ய முடியவில்லை. கார்லீன் இப்போது மளிகைக் கடையில் சாமான் அடுக்குகிறாள். அவள் தொட்டால் ஊசி வலிக்காது என்று ஊரே சொல்லும். நினைத்தால் எனக்கு வயிறெரிகிறது.

வெண்டல் சும்மா இருக்கவில்லை. மாணவர் போக்குவரத்துக்கென்றே புதிய துணைக்குழு அமைத்துவிட்டார். வியாழன்தோறும் காலையில் கூடுகிறது. உறுப்பினர்களை வீடு வீடாகப் போய் அழைத்துவருவது ஹெர்ப்பின் வேன்.

சிரிக்கிறீர்கள். வெண்டலும் இதைப் படித்தால் விழுந்து விழுந்து சிரிப்பார். புத்தி வரட்டும் என்று நாலு பேருக்கு அனுப்பியும் வைப்பார். அது கிடக்கட்டும், நீங்கள் யாருக்கு அனுப்புவதாக இருக்கிறீர்கள்?