நாற்பத்தேழும் ஐம்பத்தொன்றும் ஒரு குதிரைக் குளம்பும்

நயாகேடி கிராமம்,
ரோத்தக் ஜில்லா,
1921 நவம்பர் 10.

ஐம்பத்தொன்றாவது லான்சர் குதிரைப்படையில் ரிசால்தாராக இருந்து ஓய்வு பெற்றவரும், மார்பில் நான்கு மெடல் தாங்கியவரும் (அதில் ஒன்று அந்த வருஷம் சமையல்காரருக்கும் கொடுத்தது), மிகுந்த மரியாதைக்குரியவருமான சௌத்ரி ஜுக்லால் அவர்கள் சமூகத்துக்கு, எந்தப் படையையும் சேராத தரியாவ் சிங் கை கூப்பி எழுதிக்கொண்டது. ஏன் எந்தப் படையையும் சேராதவன் ஆனேன் என்பது கீழே வரும். அவசரப்பட்டுக் கடைசிப் பக்கத்தைப் புரட்டாதீர்கள். புரட்டுகிற ஆள்தான் நீங்கள்.

இவ்விடம் நானும் என் முழங்கால் வலியும் இரண்டு எருமைகளும் சௌக்கியம். அவ்விடம் தாங்களும் தங்கள் வீட்டு அம்மாளும் புதல்வன் மௌஜிராமும் சௌக்கியமாக இருக்க வேண்டுமென்று விரும்புகிறேன். தங்களைப் பற்றி இப்படி விரும்புவது பதினெட்டு வருஷத்தில் இதுதான் முதல் தடவை. அதனால் வாக்கியம் கொஞ்சம் விறைப்பாக வந்திருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

குதிரை விஷயத்தை முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன், இல்லாவிட்டால் பேனா மற்றதில் ஓடாது. அந்தக் காலத்தில் குதிரை சர்க்காருடையது இல்லை, சவாரிக்காரனுடையது. நம் குதிரையோடுதான் நாம் வேலையில் சேர்ந்தோம், குதிரை போனால் பாதி உயிர் போன மாதிரி. என் குதிரை ஹிரணி 1903 ஜனவரிக் குளிரில் நடந்த போர் ஒத்திகையில் நொண்டிப் போனாள். எங்கள் நாற்பத்தேழாவது குதிரைப்படையை அன்றைக்கே ரயிலேற்றி எல்லைப்புறத்துக்கு அனுப்பிவிட்டார்கள். போகிற அவசரத்தில், பக்கத்தில் கூடாரம் போட்டிருந்த உங்கள் ஐம்பத்தொன்றின் வைத்திய லாயத்தில் அவளைக் கட்டிவிட்டுப் போனேன். அவளுடைய முன்னங்குளம்பில் நாற்பத்தேழு என்று சூடு போட்டிருந்தது. பத்து மாதம் கழித்து வந்து பார்க்கிறேன், ஐம்பத்தொன்று என்று இருக்கிறது. குளம்பு நகம் மாதிரி வளரும், லாடம் கட்டுகிறவன் மாதாமாதம் அராவுவான், பத்து மாதத்தில் பழைய எண் அரத்தூளாகக் கீழே விழுந்துவிடும் என்பது எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். விசாரணை செய்த சாகேபுக்குத்தான் தெரியவில்லை. அவர் குளம்பைத் தூக்கிப் பார்த்தார், ஐம்பத்தொன்று என்று படித்தார், சாப்பிடப் போய்விட்டார். நீங்கள் அப்போது வெறும் டபேதார், ரிசால்தாருக்குப் பல படி கீழே. ஓரமாக நின்று மீசையைத் தடவிக்கொண்டு என்ன சொன்னீர்கள் என்று ஞாபகம் இருக்கிறதா? "தம்பி, குதிரைக்கே எங்க பட்டாளம்தான் பிடிச்சிருக்கு, நான் என்ன பண்ண?"

அன்றைக்கே எங்கள் அணி, அதாவது முழு ஸ்குவாட்ரனும் பார்க்க, சேணத்தின் மேல் கை வைத்துச் சத்தியம் செய்தேன். நாற்பத்தேழுக்காரன் வீட்டுப் பெண் ஐம்பத்தொன்றுக்காரன் வீட்டு வாசலை மிதிக்க மாட்டாள் என்று. என் மகள் சர்பதி பிறந்து அப்போது எட்டு நாள்தான் ஆகியிருந்தது. எட்டு நாள் குழந்தைக்கு என்ன தெரியும், அதற்கு ஒரு கல்யாண வயது வரும் என்று எனக்காவது தோன்றியிருக்க வேண்டாமா?

போன கார்த்திகையில் கங்கை ஸ்நானத்துக்குப் போன இடத்தில் என் மனைவி பர்சன்னியும் தங்கள் வீட்டு அம்மாளும் ஒரே மாட்டுவண்டி நிழலில் உட்கார்ந்திருக்கிறார்கள். யார் வீடு, எந்த ஊர் என்று விசாரித்துக் கோத்திரம் நாலையும் ஒப்பிட்டு, ஒன்றும் இடிக்கவில்லை என்று கண்டு, என் பெண்ணுக்கும் உங்கள் பையனுக்கும் பேசி முடித்து, ஒரே இலையில் அல்வாவும் தின்றுவிட்டார்கள். பர்சன்னி திரும்பி வந்து சொன்னாள். பையன் நல்லவன், கல்யாணத்தன்று மட்டும்தான் குடிப்பான் போலிருக்கிறது, எல்லாம் சரி. "எந்தப் பட்டாளம்?" என்று கேட்டேன். "அதை யாரு கேட்டா? பட்டாளத்துக்கா பொண்ணு குடுக்குறோம்?" என்றாள். நானே விசாரித்தேன். ஐம்பத்தொன்று. அதிலும் ஜுக்லால் மகன். முடியாது என்று சொல்லிவிட்டேன்.

அன்றிலிருந்து என் வீட்டில் நடந்தது எந்த எதிரிக்கும் வரக் கூடாது, உங்களுக்கு வரட்டும் என்று ஒரு காலத்தில் நினைத்திருப்பேன். பர்சன்னி என்னை, நானும் ரிசால்தாராகத்தான் ஓய்வு பெற்றவன் என்பதை அப்போதுதான் கண்டவள் மாதிரி, "ரிசால்தார் சாகேப்" என்று கூப்பிட ஆரம்பித்தாள். சர்பதி வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லுகிற பெண்ணும் இல்லை. ஆனால் தினம் காலையில் எனக்கு வைக்கிற மோரில் உப்புப் போடுவதை நிறுத்திவிட்டாள். பதினோரு மாதம் உப்பில்லாத மோர் குடித்தேன். கேட்கவும் தைரியமில்லை. சண்டையில் நான் யாருக்கும் முதுகு காட்டியதில்லை, ஆனால் அந்தப் பெண் குனிந்து டம்ளரை வைக்கும்போது அவள் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை. அவளுக்கு உங்கள் பையனைப் பிடித்திருக்கிறது. அப்பன் என்கிற முறையில் இதை எழுதக் கூடாது, எழுதிவிட்டேன்.

இப்படி இருக்கையில்தான் போன மாதம் என் தம்பி மகன் சூரத்திடமிருந்து கடுதாசி வந்தது. அவன் நாற்பத்தேழில் இருக்கிறான். சர்க்கார் சிக்கனத்துக்காகக் குதிரைப்படைகளை இரண்டு இரண்டாகச் சேர்க்கிறார்களாம். நாற்பத்தேழையும் ஐம்பத்தொன்றையும் ஒன்றாக்கிவிட்டார்களாம். நம் ஜாட் சாதிக்கென்று இருந்த இரண்டு ஸ்குவாட்ரனும் ஒரே ஸ்குவாட்ரன், ஒரே லாயம், ஒரே அடுப்பு. சூரத்துக்கும் உங்கள் மௌஜிராமுக்கும் அடுத்தடுத்த கட்டில். பெயர் இன்னும் முடிவாகவில்லை, அதுவரை நாற்பத்தேழு பை ஐம்பத்தொன்று, பின்னக் கணக்கு மாதிரி. எது மேலே எழுதியிருக்கிறது என்பதை நான் சுட்டிக்காட்ட விரும்பவில்லை, நாற்பத்தேழு.

பெயர் மாறுவது நமக்குப் புதிதா? நான் சேரும்போது எங்கள் படைக்கு, அதை ஆரம்பித்தவர் பெயரில், ஹார்க்கெட் குதிரை என்று பெயர். ஹார்க்கெட் சாகேப் செத்து நாற்பது வருஷம் ஆகியிருந்தது, அவர் குதிரை மட்டும் சாகவில்லை. பிறகு அதற்கு ஒரு எண் வைத்தார்கள். பிறகு அந்த எண்ணை எடுத்துவிட்டு நாற்பத்தேழு ஆக்கினார்கள். பிறகு ஹார்க்கெட்டைத் திரும்பக் கொண்டுவந்து வாலில் சேர்த்தார்கள். ஒவ்வொரு தடவையும் என் வாசல் நிலைக்கு மேலே இருக்கிற கல்லில் பெயரை மாற்றிச் செதுக்க வேண்டி வந்தது. கல்தச்சன் பூர்ணா கடைசித் தடவை, "சௌத்ரி, கல்லு தேஞ்சு போச்சு, அடுத்த பேரு வந்தா சுவத்துக்கு அந்தப் பக்கம் தெரியும்" என்று சொல்லிக்கொண்டே செதுக்கினான். உங்களுடையதாவது ஒரு டச்சஸ் சீமாட்டியின் சொந்தப் படை என்று ஒரே பெயரில் நின்றது. அந்த அம்மாள் உங்களில் ஒருவரையும் கண்ணால் பார்த்ததில்லை, அதனால் மாற்றத் தோன்றவில்லை.

கடுதாசியைப் படித்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. ஐம்பத்தொன்று என்று ஒரு படையே இப்போது இல்லை. இல்லாத படைக்காரன் வீட்டு வாசலை மிதிக்காதே என்கிற சத்தியம் எப்படி நிற்கும்? செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு சாவடிக்கு ஓடினேன். அங்கே எங்கள் ஊர்ப் பெரியவர் ஷீஷ்ராம் ஹுக்காவைப் பிடித்தபடி படுத்திருந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"நாப்பத்தேழும் ஐம்பத்தொண்ணுமா? ரெண்டையும் கூட்டினா தொண்ணூத்தெட்டுல்ல?" என்றார்.

"கூட்டுறது இல்ல பெரியப்பா, சேக்குறது. இனிமே எல்லாரும் ஒரே பட்டாளம்."

"ஒரே பட்டாளமா?"

"ஒரே பட்டாளம், ஒரே அடுப்பு."

அவர் எழுந்து உட்கார்ந்தார். "ஏன்டா தரியாவ், பத்து வருஷத்துக்கு முன்னாடி தெற்குத் தெரு ராம்ஜிலால், அவனும் நாப்பத்தேழுதான், தன் பொண்ணைக் கூட வேலை பாத்த நாப்பத்தேழுக்காரன் ஒருத்தனுக்குக் குடுக்கப் பாத்தானே, அப்ப பஞ்சாயத்துல எழுந்து நின்னு கத்துனது யாரு?"

நான்தான். கோத்திரம் வேறு, ஊர் வேறு என்று ராம்ஜிலால் எவ்வளவோ கெஞ்சினான். ஒரே பட்டாளத்தில் ஒரே அடுப்பில் தின்றவர்கள் ஒருதாய் மக்கள், பங்காளிகள், பங்காளி வீட்டில் பெண் கொடுப்பது நம் சாதியில் கிடையாது என்று மெடலெல்லாம் குத்திக்கொண்டு ஒரு மணி நேரம் பேசித் தீர்ப்பு வாங்கினேன். எல்லோரும் கை தட்டினார்கள். ராம்ஜிலால் இப்போது சாவடி மூலையில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அது வேற பெரியப்பா. நானும் ஜுக்லாலும் வேலை பாக்கும்போது ரெண்டு படையும் தனித்தனி" என்றேன்.

"தனித்தனின்னா உன் சத்தியம் நிக்குது. ஒண்ணுன்னா நீங்க பங்காளி. எதிரியா, பங்காளியா? ரெண்டுல ஒண்ணு சொல்லு, ரெண்டுலயும் பொண்ணு குடுக்க முடியாது" என்று சொல்லிவிட்டு மறுபடி படுத்துக்கொண்டார். ராம்ஜிலால் அப்போதுதான் முதல் தடவையாக வாயைத் திறந்து, "ஹுக்கா வேணுமா ரிசால்தாரே?" என்று கேட்டான்.

நான் விடவில்லை. ஓய்வு பெற்றவன் சேர்த்த படையில் சேர்த்தியா, சேர்க்காத படையில் சேர்த்தியா என்று கேட்டுச் சர்க்கார் ஆபீஸ் ஒன்றுக்கு மூன்று கடுதாசி போட்டேன். அந்த ஆபீஸ் எது என்று எழுத வேண்டாம், நல்ல மனுஷர்கள். பதில் வந்தது: உயிரோடு இருக்கிறேன் என்று காட்ட ஒரு சான்றிதழ் அனுப்ப வேண்டும் என்று. அனுப்பினேன். இரண்டாவது பதில் வந்தது: உயிரோடு இருப்பது பதிவு செய்யப்பட்டது.

கடைசியில் வழி சொன்னது பர்சன்னி. மாட்டுக்குப் பருத்திக்கொட்டை கலக்கிக்கொண்டே சொன்னாள். "இந்தக் காலைக் கட்டியிருக்குறதும் அந்தக் காலைக் கட்டியிருக்குறதும் ஒரே முளையிலதானே? முளையைப் பிடுங்குங்க."

"எந்த முளை?"

"நாப்பத்தேழு. சத்தியம் பண்ணினதும் நாப்பத்தேழுக்காரன், பங்காளி ஆனதும் நாப்பத்தேழுக்காரன். நீங்க நாப்பத்தேழே இல்லன்னா, ஒரு விவசாயி. விவசாயி பொண்ணை யாருக்கு வேணா குடுக்கலாம்."

மூன்று நாள் அவளோடு பேசவில்லை. இருபத்தாறு வருஷம் அந்த எண்ணில் வேலை பார்த்தவன் ஜுக்லால், உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நம் பெயரைக் கேட்டால் முதலில் எண்ணைத்தானே சொல்லுவோம்? சொந்த ஊரில் தடுக்கி விழுந்தால்கூட அம்மா என்பதற்குப் பதில் நாற்பத்தேழு என்று கத்துகிற ஆள் நான். நாலாம் நாள் காலையில் பூர்ணாவைக் கூப்பிட்டு வாசல் கல்லைக் காட்டினேன். "புதுப் பேரு என்ன சௌத்ரி?" என்றான். ஒன்றுமில்லை, எல்லாவற்றையும் செதுக்கி எடு என்றேன். அவன் உளியை வைத்து முதல் அடி அடித்தபோது ஹார்க்கெட் போனார், அப்புறம் நாற்பத்தேழு போனது. கல்தூள் என் மீசையில் விழுந்தது. ஊரார் முன்னால் அழுதேன், தூசி என்று யாரிடமும் சொல்லவில்லை. தோளில் குத்துகிற பித்தளை எண்ணை நெய் ஜாடிக்குப் பின்னால் வைத்துவிட்டேன். ஷீஷ்ராம் வந்து மொட்டைக் கல்லை நிமிர்ந்து பார்த்தார், "சரி, குடு" என்று இரண்டே வார்த்தையில் முடித்துவிட்டுப் போய்விட்டார். ராம்ஜிலால் என் தோளைத் தொட்டுவிட்டுப் போனான். அதற்கு அவன் என்னைத் திட்டியிருக்கலாம்.

மறுநாள் மோரில் உப்பு இருந்தது. கொஞ்சம் அதிகமாகவே இருந்தது. முழுதும் குடித்தேன்.

ஆகையால் எந்தப் படையும் இல்லாத, விவசாயி தரியாவ் சிங்காகிய நான், என் மகள் சர்பதியைத் தங்கள் புதல்வன் மௌஜிராமுக்குக் கொடுக்கச் சம்மதிக்கிறேன். ஹிரணி விஷயத்தை இன்றோடு மன்னித்துவிட்டேன். அதைப் பற்றி இனி ஒரு வார்த்தை என் வாயில் வராது. ஊர்வலத்தில் மட்டும் உங்கள் படையின் வாத்தியப் பாட்டை வாசிக்க வேண்டாம், எனக்குப் பழைய பழக்கத்தில் கால் எதிர்ப்பக்கம் திரும்பிவிடும். வீட்டு அம்மாளுக்கு என் வணக்கம், மௌஜிராமுக்கு ஆசி, தங்கள் எருமைகளுக்கு நல்ல தீனியும் தங்களுக்கு நல்ல புத்தியும் பகவான் குறைவில்லாமல் கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
தரியாவ் சிங்
(வேறொன்றுமில்லை)

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது தபால்காரர் தங்கள் கடிதத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். தங்கள் ஊர்ப் பஞ்சாயத்திலும் இதே எதிரியா பங்காளியா கேள்வி எழுந்ததாகவும், தாங்களும் போன வாரம் வாசலில் இருந்த ஐம்பத்தொன்றையும் அந்த டச்சஸ் அம்மாளையும் செதுக்கி எடுத்துவிட்டு, சாதாரண விவசாயி ஜுக்லாலாக என் பெண்ணைக் கேட்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். கூடத்தில் பர்சன்னி சிரித்த சிரிப்பில் எருமை பால் கொடுக்காமல் நின்றுவிட்டது. நம்மில் ஒருவர் செய்திருந்தால் போதுமே ஐயா, ஒரு கல்லாவது மிஞ்சியிருக்கும். நான் மேலே எழுதின அத்தனையும் வீண். ஆனால் இவ்வளவு காகிதத்தைக் கிழிக்க மனசு வரவில்லை, அப்படியே அனுப்புகிறேன்.

இன்னொன்று யோசித்தேன் சம்பந்தி. படையும் இல்லை, எண்ணும் இல்லை என்றால் கல்யாணப் பந்தலில் நாம் இரண்டு பேரும் உட்கார்ந்து என்ன பேசுவது? மழையைப் பற்றியா? அதனால் மேலே கொடுத்த மன்னிப்பைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். ஹிரணி என் குதிரை. அவளுடைய பேத்தி உங்கள் லாயத்தில் நிற்பதாகச் சூரத் எழுதியிருந்தான். மாப்பிள்ளை அவள் மேல்தான் ஏறி வர வேண்டும். நான் வாசலில் நின்று நாலு குளம்பையும் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே விடுவேன். எண் எதுவும் போடாமல் அழைத்து வாருங்கள். வருகிற அவசரத்தில் மாப்பிள்ளையையும் மறந்துவிட வேண்டாம்.